கனவு என்று சொல்லாமல் விட்டால்

விருத்தாசலத்துக்குத் திருமுதுகுன்றம் என்று பெயர் வழங்கிய காலத்தில், சுந்தரர் அங்கே சிவபெருமானிடம் 12,000 பொன் பெற்றார். இறைவன் சொன்னபடி அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு நடந்தார். திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் இறங்கி எடுத்தார். பெரியபுராணம் சொல்லும் கதை இது. ஆற்றில் போட்டது குளத்தில் கிடைத்த அதிசயம்தான் எல்லோருக்கும் நினைவிருக்கும். சேக்கிழார் கூடவே இன்னொரு சிறு செய்தியையும் சொல்கிறார். ஆற்றில் போடும் முன், மாதிரிக்கென்று பொன்னிலிருந்து ஒரு மச்சம் வெட்டித் தன்னிடம் வைத்துக்கொண்டார் சுந்தரர். குளத்திலிருந்து வந்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தார். மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடி பாடினார், சரியானது. திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையாரை இன்றும் வணங்குகிறார்கள்.

அருளால் வந்த பொன்னையும் உரைத்துப் பார்க்கத் துணிந்த அந்த மனம்தான் எனக்கு இந்தக் கதையில் பேரதிசயம். ஆற்றங்கரையிலிருந்து நேரே குளத்தங்கரைக்குத் தாவுவது சினிமாவுக்குப் பழக்கமான காரியம். கனவுக்கும் அப்படித்தான். பள்ளிக்கூட வாசலில் நிற்கிறவர் அடுத்த கணம் யாருடைய கல்யாணத்திலோ பந்தியில் உட்கார்ந்திருப்பார், ஏன் எப்படி என்று கேட்கமாட்டார். கேட்பதற்கு அவர் கையில் மச்சம் இல்லை. கிறிஸ்டோபர் நோலன் 2010-இல் எடுத்த 'இன்செப்ஷன்' படத்தில், கனவுக்குள் நுழைகிறவர்கள் ஆளுக்கொரு சிறு பொருளைச் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள். நாயகனிடம் இருப்பது ஒரு பம்பரம். சுற்றிவிட்டால் கனவில் அது ஓயாது சுழலும், நனவில் விழுந்துவிடும். சுந்தரர் வெட்டி வைத்த மச்சத்துக்கும் அந்தப் பம்பரத்துக்கும் வேலை ஒன்றுதான்.

விழித்திருக்கும் நம்மிடமாவது அப்படி ஒன்று இருக்கிறதா? மூளைக்குள் அதைத் தேடியவர்களின் கதை, படங்களின் கதையைவிடச் சுவையானது.

இந்தியாவில் 'ராஜா ஹரிச்சந்திரா' படம் வெளிவருவதற்கு மூன்று ஆண்டு முன்னால், 1910-இல், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செவிஸ் பெர்க்கி என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். எதிரே ஒரு கண்ணாடித் திரை. பங்கேற்றவர்களை அதைப் பார்த்துக்கொண்டே தக்காளியை, எலுமிச்சையை, வாழைப்பழத்தை மனத்தில் வரையச் சொன்னார். அவர்களுக்குத் தெரியாமல், திரைக்குப் பின்னாலிருந்து அதே பொருளின் மங்கலான வண்ண உருவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒளியேற்றினார். சும்மா வந்து பார்க்கிற எவருக்கும் தெரியும் அளவுக்கு உருவம் வந்த பிறகும், கற்பனை செய்துகொண்டிருந்தவர்கள் அது தங்கள் மனம் வரைந்தது என்றே சொன்னார்கள். வாழைப்பழத்தைக் கிடந்த நிலையில் நினைத்த சிலருக்கு மட்டும் ஒரு சின்ன வியப்பு: இது ஏன் நிமிர்ந்து நிற்கிறது? அந்த வியப்பும் அவர்களைத் திரைக்குப் பின்னால் எட்டிப்பார்க்க வைக்கவில்லை.

நூறு ஆண்டு கழித்து லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நாதின் டைக்ஸ்ட்ராவும் ஸ்டீபன் ஃபிளெமிங்கும் இதே கேள்வியை நவீனக் கருவிகளோடு எடுத்துக்கொண்டார்கள். 2023-இல் வெளியான அவர்களின் ஆய்வில் பங்கேற்றவர்கள், புள்ளி புள்ளியாக இரைச்சல் நிறைந்த திரையில் சாய்கோடுகள் இருப்பதாகக் கற்பனை செய்தார்கள். பிறகு, நிஜமாகவே கோடு இருந்ததா என்று கேட்கப்பட்டது. கற்பனை எவ்வளவு தெளிவாக இருந்ததோ, அவ்வளவுக்கு 'இருந்தது' என்ற பதில் கூடியது. பெர்க்கியின் சோதனையில் நிஜம் கற்பனையாகத் தெரிந்தது, இங்கே கற்பனை நிஜமாகத் தெரிந்தது. ஆய்வாளர்கள் இதற்குச் சொல்லும் விளக்கம் எளிமையானது. கண்ணிலிருந்து வருவதும் மனத்திலிருந்து வருவதும் மூளையில் ஒரே இடத்தில் கலக்கின்றன. கலந்து வரும் வலிமை ஒரு வரம்பைத் தாண்டினால் மூளை அதை நிஜம் என்று எடுத்துக்கொள்கிறது, தாண்டாவிட்டால் கற்பனை. எங்கிருந்து வந்தது என்ற முத்திரை எதன் மேலும் குத்தப்படுவதில்லை.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. நிஜம் என்பது வெளியிலிருந்து முத்திரையோடு வருகிற சரக்கு என்றுதான் நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். அது உள்ளே நடக்கிற ஒரு தீர்ப்பு என்கிறது ஆய்வு.

தூக்கத்தில் அந்தத் தீர்ப்பு சொல்லும் இடமே பாதி அடங்கிவிடுகிறது. 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும், தூங்குகிறவரின் மூடிய இமைக்குள் விழிகள் விறுவிறுவென்று ஓடும் நேரங்களைக் கண்டறிந்து எழுதினார்கள். அதுதான் ரெம் தூக்கம். ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். விடியலை நெருங்க நெருங்க நீளும். அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலானவர்கள் கனவு ஒன்றைச் சொல்வார்கள். மூளையைப் படம் பிடித்துப் பார்த்ததில், உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலாப் பகுதி அப்போது சுறுசுறுப்பாக இருக்கிறது. காட்சிகளை உருவாக்கும் பகுதிகளும் வேலை செய்கின்றன. நெற்றிக்குப் பின்னால் இருந்து, இது நடக்கக்கூடியதா, முன்னுக்குப் பின் முரணாக இல்லையா என்று எடைபோடும் பகுதி மட்டும் அடங்கிக் கிடக்கிறது. நார்அட்ரினலின், செரடோனின் இரண்டும் ஏறக்குறைய நின்றுபோகின்றன, அசிட்டைல்கோலின் பெருகுகிறது. அதனால்தான் செத்துப்போன தாத்தா கனவில் வந்து காப்பி கேட்டால் நாம் எழுந்துபோய்ப் போட்டுக் கொடுக்கிறோம். காலையில் பல் தேய்த்து முடிப்பதற்குள் அது பாதி மறந்தும் போகிறது. கைகால்களை அசைக்காமல் மூளைத்தண்டு கட்டிவைத்திருக்கிறது. இல்லாவிட்டால் நடந்துபோய் அடுப்பையே பற்றவைத்திருப்போம்.

தூக்கம் முற்றிலும் கதவடைத்த அறையும் அல்ல. கனவுக்குள்ளேயே இது கனவு என்று உணர்கிறவர்கள் உண்டு. 1975-இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் கீத் ஹெர்ன் என்பவரின் ஆய்வில், அப்படி உணர்ந்த ஒருவர் தூக்கத்திலேயே முன்பே பேசிவைத்தபடி விழிகளை இடம் வலமாக அசைத்துச் சைகை தந்தார். உடம்பு முழுவதும் கட்டுண்டு கிடக்க, விழிகள் மட்டும் சுதந்திரமாக இருப்பதால் இது முடிந்தது. 2021-இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆய்வகங்கள் சேர்ந்து இன்னும் ஒரு படி போயின. கனவில் இருந்த ஒருவரிடம் எட்டிலிருந்து ஆறு போனால் எவ்வளவு என்று கேட்டார்கள். இரண்டு முறை விழி அசைத்து அவர் விடை சொன்னார்.

கனவு எப்படி உருவாகிறது என்பதற்கு ஓர் உவமை தேடி, இனி விருத்தாசலத்தின் இன்றைய தொழிலுக்கு வருகிறேன். அகல் விளக்கு, பிள்ளையார் சிலை, கொலு பொம்மை என்று பீங்கான் சாமான்களுக்குப் பேர்போன ஊர். செராமிக் கற்பிக்க அரசுப் பயிலகமே இங்கே இருக்கிறது. பொம்மை எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். களிமண்ணைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மோல்டுக்குள் ஊற்றுகிறார்கள். மோல்டு தண்ணீரைக் குடிக்கும். அதன் சுவரை ஒட்டி மண் படிந்து இறுகும். போதுமான கனம் வந்ததும் நடுவில் மிஞ்சிய கூழைக் கவிழ்த்து ஊற்றிவிடுகிறார்கள். மோல்டைப் பிரித்தால் மூக்கும் முழியுமாகப் பொம்மை நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. கனவும் இப்படி வார்த்த பொம்மைதான். பழைய நினைவுகள் கூழாக ஊற்றப்பட்டு மேற்பரப்பு மட்டும் இறுகி நிற்கிறது. கனவில் ஒரு புத்தகத்தைத் திறந்து படித்து, கண்ணைத் திருப்பி மறுபடி பார்த்தால் எழுத்து மாறியிருக்கும். உள்ளே பக்கங்கள் இல்லாத புத்தகம் அது. பொம்மையின் அடியில் மட்டும், கூழ் வெளியேறிய துளை இருக்கும். கொலுப்படியில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்ப்பவருக்குத் தெரியும்.

அந்தத் துளையை மறைக்காமல் காட்டுவதா, மறைத்து வைப்பதா? கனவைக் கதையில் வைக்கிறவர்கள் எடுக்க வேண்டிய முடிவு இதுதான்.

நம் பழைய மரபு காட்டியே வந்திருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் கனவையும் மெய்ப்பாடுகளில் ஒன்றாக எண்ணுகிறது. திருக்குறளில் கனவுக்கென்று ஓர் அதிகாரம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன், கண்ணகி, பாண்டிமாதேவி மூவரும் தீக்கனா காண்கிறார்கள். மூன்றும் கனவென்று சொல்லியே சொல்லப்படுகின்றன. ஆண்டாளின் வாரணம் ஆயிரத்தில் ஒரு திருமணம் முழுவதும், சடங்கு சடங்காக, கனவில் நடக்கிறது. பாட்டுக்குப் பாட்டு, இது நான் கண்ட கனவு என்று தோழியிடம் அவள் சொல்லிக்கொண்டே வருகிறாள். கேட்கிறவர் எங்கேயும் ஏமாறுவதில்லை. கனவென்று தெரிந்தபின்னும் மனம் உருகுகிறதே, அதுதான் அந்தப் பாசுரங்களின் வலிமை.

சினிமாவும் அப்படித்தான் தொடங்கியது. இங்கிலாந்தில் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் 1900-இல் எடுத்த ஒரு நிமிடப் படத்தில் ஒருவர் அழகான பெண்ணோடு கொஞ்சிக்கொண்டிருக்கிறார். காட்சி மங்குகிறது. மறுபடி தெளியும்போது அவர் படுக்கையில், பக்கத்தில் மனைவி. கனவுக்கும் நனவுக்கும் நடுவில் அந்த மங்கல்தான் வாசற்படி. நம் படங்களில் அது திரை அலையலையாக நெளிவது, வீணை நரம்பை ஒருமுறை வழித்துவிடுவது, தரையெல்லாம் வெண்புகை என்று ஆனது. ராஜ் கபூரின் 'ஆவாரா' (1951) படத்தில் மேகத்துக்கு நடுவே வளரும் நீண்ட கனவுக் காட்சியை இந்தியா முழுவதும் பார்த்தது. அதன் பிறகு கனவுப் பாட்டு இல்லாத படம் அபூர்வமாயிற்று. 'அன்பே வா'வில் (1966) நாயகனும் நாயகியும் ஏறும் குதிரை வண்டி எந்த ஊர்ச் சாலையில் ஓடுகிறது என்று ஒரு குழந்தைகூடக் கேட்பதில்லை.

குழந்தை கேட்காததற்குக் காரணம் அது கற்றுக்கொண்டிருப்பதுதான். துருக்கியில் மலைக்கிராமங்களில் அதுவரை சினிமாவோ தொலைக்காட்சியோ பார்த்திராத பெரியவர்களுக்கு செர்மின் இல்திரார் என்ற ஆய்வாளர் சிறு படத்துண்டுகளைக் காட்டினார். ஸ்டீபன் ஷ்வானோடு சேர்ந்து 2010-இல் அவர் வெளியிட்ட முடிவு இது: சமைப்பது, வேலை செய்வது போன்ற பழகிய செயல் ஒன்று தொடர்ந்து வந்தால் காட்சி வெட்டி வெட்டி மாறினாலும் அவர்களுக்குப் புரிந்தது, அப்படி ஒரு செயல் இழை இல்லாதபோது இரண்டு காட்சிகளை இணைத்துப் பார்க்க அவர்கள் திணறினார்கள். படம் பார்ப்பதில் பிறவியிலேயே வருவதும் உண்டு, பழகி வருவதும் உண்டு. வெண்புகை வந்தால் கனவு என்பது பழகி வந்தது. பழகிய அடையாளத்தை இயக்குநர் ஒருநாள் எடுத்துவிட்டால் நாம் நிராயுதபாணி ஆகிவிடுகிறோம்.

நான் இங்கே பேசும் படங்களைப் பார்க்காதவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிப் போய்விடுங்கள்; அந்த ரசனையைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

கார்த்திக் சுப்பராஜின் 'பீட்சா' (2012) படத்தில் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞன் ஒருவன், ஒரு பங்களாவில் தனக்கு நேர்ந்த பயங்கரத்தை முதலாளியிடம் சொல்கிறான். அவன் சொல்லச் சொல்ல நாம் பார்க்கிறோம். இருட்டு, கைவிளக்கு, பிணங்கள். கடைசியில் தெரிகிறது, அப்படி எதுவுமே நடக்கவில்லை. வைரங்களை மறைக்க அவன் கட்டிய கதை. ஒருவர் வாயால் சொன்னதை நாம் சந்தேகித்திருப்போம். திரையில் பார்த்ததால் சந்தேகிக்கவில்லை. 'ஃப்ளாஷ்பேக்' என்றால் உண்மை என்று எழுபது எண்பது ஆண்டுகளாகப் பழகிய கண் அது. பார்த்திபனின் 'குடைக்குள் மழை' (2004) இன்னும் உள்ளே போகிறது. அங்கே பொய் சொல்லுகிறவர் எவரும் இல்லை. மனம் சிதைந்த ஒருவன் கண்டதையெல்லாம் நாமும் அவனோடு சேர்ந்து கண்டோம், அவ்வளவுதான். அவனுடைய மூளை எந்த வரம்பைத் தாண்டியதோ, நம்மையும் அந்த வரம்பைத் தாண்ட வைத்துவிட்டது படம்.

அந்தத் திருப்பம் வரும் நொடியில் நமக்குள் என்ன நடக்கிறது? இதற்கென்றே ஓர் ஆய்வு இருக்கிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அசியே சாத்பூத், யூரி ஹாசன் முதலியோர் மனோஜ் நைட் ஷியாமளனின் 'தி சிக்ஸ்த் சென்ஸ்' (1999) படத்தை எடுத்துக்கொண்டார்கள். ஷியாமளன் மாஹேயில் பிறந்தவர், அம்மா வழியில் தமிழர். படத்தின் மனநல மருத்துவர் உண்மையில் இறந்தவர் என்பது கடைசியில்தான் தெரியும். ஒரு குழுவினர் படத்தை வழக்கம்போலப் பார்த்துக் கடைசியில் திருப்பத்தை அறிந்தார்கள். இன்னொரு குழுவுக்குத் தொடக்கத்திலேயே ரகசியம் சொல்லப்பட்டது. மூன்றாம் குழுவுக்குக் கடைசிவரை தெரியாது. எல்லோரும் மூளை வருடி இயந்திரத்துக்குள் படுத்து முதலில் படத்தைப் பார்த்தார்கள், பிறகு காட்சிகளை நினைவிலிருந்து சொன்னார்கள். படம் பார்க்கும்போது முதல் குழுவின் மூளை, அவர் உயிரோடு இருக்கிறார் என்று நம்புகிறவர்களின் மூளையைப் போலவே இயங்கியது. திருப்பத்தை அறிந்து, பழைய காட்சிகளை நினைவுகூர்ந்தபோது, கதைகளைத் தொகுத்துப் பொருள்கொள்ளும் சில பகுதிகளில் அது ரகசியம் முன்பே தெரிந்தவர்களின் மூளையை ஒத்துப்போனது. அதாவது அவர்கள் பார்த்த காட்சி மாறவில்லை. நினைவில் இருந்த காட்சி மாறிவிட்டது. 2022-இல் வெளியான ஆய்வு இது. திருப்பம் என்பது படத்தின் கடைசிச் சுருளில் நடக்கிறது என்று நினைத்திருந்தோம். பார்த்தவர் தலைக்குள் ஏற்கெனவே ஓடி முடிந்த சுருள்களில் நடக்கிறது அது.

எல்லாத் திருப்பத்துக்கும் இது வாய்ப்பதில்லை. நினைவைத் திரும்ப எழுத வேண்டுமானால் எழுத இடம் விட்டிருக்க வேண்டும். தொடக்கக் காட்சிக்குப் பிறகு அந்த மருத்துவரிடம் சிறுவனைத் தவிர யாருமே நேரடியாகப் பேசியதில்லை என்பதைப் படம் நம் கண்முன்னேயே வைத்திருந்தது. அடியில் துளை இருந்தது, நாம் கவிழ்த்துப் பார்க்கவில்லை. நல்ல திருப்பத்தை இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் அது பிடித்துப்போகிறது என்பதற்கும் இதுவே காரணம்.

இதன் நடுவே ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. கற்பனையை நிஜமாக்கத் திரையில் எதையும் காட்ட வேண்டியதே இல்லை என்று நிரூபித்த காட்சி தமிழில் இருக்கிறது. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) நாகேஷ், டி.எஸ். பாலையாவுக்குத் தான் எடுக்கப்போகும் பேய்ப்படத்தின் கதையைச் சொல்லுகிறார். வாயாலேயே சத்தம், கையாலேயே இருட்டு. கேட்கிற பாலையாவின் முகத்தில்தான் பேய் தெரிகிறது. ஒரு 'டிசால்வ்' இல்லை, ஒரு புகை இல்லை. 60 ஆண்டு கழித்தும் நம் மனத்தில் அந்த இருட்டு இருக்கிறது. டைக்ஸ்ட்ரா சொல்லும் வரம்பை வெறும் குரலால் தாண்டிய காட்சி அது. மாணவர்களுக்கு மனக்காட்சி என்றால் என்ன என்று விளக்க வேண்டிய ஆசிரியர்கள் வேறெதையும் தேட வேண்டாம்.

விருத்தாசலம் என்ற பெயரோடு தமிழ்க் கதைக்கு இன்னொரு பெரிய தொடர்பு உண்டு. புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம். 1906-இல் இதே மாவட்டத்துத் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். கனவையும் நனவையும் கலக்கும் வித்தையில் அவருக்கு இணை அவரே. 'காஞ்சனை' கதையில் வீட்டுக்கு வேலைக்கு வந்த பெண் பேயா, கதை சொல்லும் எழுத்தாளனின் மனப்பிரமையா என்று அவர் கடைசிவரை சொல்லவே இல்லை. 'சிற்பியின் நரக'த்தில் சாத்தன் என்ற சிற்பி தன் நடராசர் சிலை கோயிலில் நிறுவப்பட்ட இரவில் ஒரு கனவு காண்கிறான். நிழலுருவங்களாகக் கூட்டம் வருகிறது, மோட்சம் கேட்டு அரற்றுகிறது, சிலையை ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வெறிகொண்டு சிலையை உடைக்கப் போகிறான். பிறகு விழித்துக்கொள்கிறான். கனவுதான். கனவு கலைந்ததும் கதை பொய்யாகிவிடுகிறதா? பகலில் அவன் ஒப்புக்கொள்ளாத அச்சம் ஒன்றை இரவு சொல்லிவிட்டது. அந்த அச்சம் விழித்த பிறகும் அவனோடு இருக்கும், நம்மோடும் இருக்கிறது. கனவுக் காட்சியின் தரத்தை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான்: விழித்த பிறகு மிச்சம் என்ன? புதுமைப்பித்தன் பிற்காலத்தில் சினிமாவுக்கு எழுதப்போனார். 'ராஜமுக்தி' படவேலைக்காகப் புனே சென்றவர் காசநோயோடு திரும்பி 1948-இல் இறந்துபோனார். இன்னும் பத்தாண்டு இருந்திருந்தால் தமிழ்த்திரையின் கனவுகள் வேறாக இருந்திருக்கும் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன்.

அந்த அளவுகோலில் அண்மைக்காலத்தில் உச்சத்தில் நிற்பது லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்'. 2023 ஜனவரியில் திரைக்கு வந்தது. வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பும் மலையாளிகளின் வண்டி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கண்ணயர்ந்திருக்கிறார்கள். மம்மூட்டி நடித்த ஜேம்ஸ் திடீரென்று வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, சோளக்காட்டைக் கடந்து ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடக்கிறார். ஒரு வீட்டுக்குள் உரிமையோடு நுழைகிறார். காணாமல்போன சுந்தரமாகவே மாறி, தமிழ் பேசி, மாட்டுக்குத் தீனி வைத்து, பால் கறந்து, ஊரெல்லாம் சுற்றுகிறார். மறுநாள் மதியம் படுத்து எழுந்ததும் ஜேம்ஸாகத் திரும்புகிறார். இது ஜேம்ஸின் கனவா, சுந்தரத்தின் ஆவியா? படம் பதில் சொல்லவில்லை. தேனி ஈஸ்வரின் கேமரா பெரும்பாலும் அசையாமல் நின்று பார்க்கிறது. பின்னணியில் பழைய தமிழ்ப்படங்களின் வசனமும் பாட்டும் ஓடிக்கொண்டே இருக்கின்றன, யார் வீட்டிலிருந்தோ வருவதுபோல.

இந்தக் கதைக்கு மதியத்தைத் தேர்ந்தெடுத்தது உடலியலுக்கு மிகவும் பொருந்துகிறது. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை வரும் அசதிக்குச் சோறுதான் காரணம் என்று நினைக்கிறோம். சாப்பிடாமல் இருந்தாலும் அது வரும். உடம்பின் நாள்கடிகாரத்தில் அப்போது ஒரு சரிவு இருக்கிறது. அந்தத் தூக்கம் அரைமணிக்கு மேல் நீண்டு ஆழத்துக்குப் போய்விட்டால், எழும்போது மூளை எல்லாப் பகுதியிலும் ஒரே நேரத்தில் விழிப்பதில்லை. சாயங்காலம் எழுந்து விடிந்துவிட்டதென்று பல் தேய்க்கப் போன அனுபவம் நம்மில் பலருக்கும் இருக்கும். எந்த ஊர், எந்த வேளை, நான் யார் என்ற மூன்றும் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும் அந்தச் சில நிமிடங்களை ஒரு முழுப் படமாக நீட்டியிருக்கிறார்கள். சுந்தரத்தின் மனைவி திண்ணையில் அவரைப் பார்த்தபடி நிற்கும் நிற்பு, ஜேம்ஸ் ஊருக்குப் போன பிறகும் நம் நெஞ்சை விட்டுப் போவதில்லை. கனவென்றாலும் ஆவியென்றாலும் அந்தப் பெண்ணின் இழப்பு மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாதது.

திரை நம் தூக்கத்துக்குள்ளும் நுழைந்திருக்கிறது. 1940-களில் அமெரிக்கர்களிடம் கேட்டபோது பெரும்பாலோர் தங்கள் கனவில் நிறம் அபூர்வம் என்றார்கள். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் ஏவா முர்சின் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் கனவுகளில் கறுப்பு வெள்ளையானவை 5 விழுக்காட்டுக்கும் குறைவு. சிறுவயதில் கறுப்பு வெள்ளைப் படங்களை மட்டுமே பார்த்து வளர்ந்த 55 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. அவர்கள் அப்படியே கனவு கண்டார்களா, நினைவில்தான் நிறம் போயிற்றா என்பது தனிக்கேள்வி. எதுவாயினும், பாட்டி காலத்துக் கொட்டகை பாட்டியின் உறக்கத்துக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதனால்தான் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி அக்கறையோடு சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'யாவரும் நலம்' (2009) படத்தில், ஒரு வீட்டில் மட்டும் மதியம் ஒரு மணிக்கு ஓடும் தொடரில் வருவதெல்லாம் அந்தக் குடும்பத்தில் நடக்கும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் பார்ப்பவர்களுக்கு அந்தத் திகில் முற்றிலும் அந்நியமானது அல்ல. தொடரின் மனிதர்கள் அவர்களின் அண்டை வீட்டார் ஆகிவிடுகிறார்கள். அமெரிக்காவின் 'டல்லாஸ்' தொடரில் 1985-இல் பாபி என்ற பாத்திரம் இறந்தது. நாடே துக்கம் கொண்டாடியது. நடிகர் திரும்பிவர ஒப்புக்கொண்டதும், 1986 மே மாதம் பாபி குளியலறையில் சிரித்துக்கொண்டு நின்றார். நடுவில் ஓடிய 31 எபிசோடும் முன்னாள் மனைவி பாமின் கனவு என்று ஆயிற்று. அந்த ஓராண்டில் நடந்த கல்யாணம், சாவு, துரோகம், மன்னிப்பு எல்லாம் கழிக்கப்பட்டன. கிளைத்தொடரான 'நாட்ஸ் லாண்டிங்'கில் பாபி இறந்தவராகவே இருந்தார். பார்வையாளர்களுக்கு வந்த கோபம் நியாயமானது. அடியில் துளையே விடாமல் வார்த்த பொம்மையை, உடைத்துக் காட்டி உள்ளே ஒன்றுமில்லை பார் என்றால் யார் பொறுப்பார்கள்?

நம் தொடர்களில் இது சிறு அளவில் வாரந்தோறும் நடக்கிறது. புரோமோவில் மருமகள் பொங்கி எழுந்து நாலு வார்த்தை கேட்கிறாள். எபிசோடில் அது அவள் மனத்துக்குள் நடந்தது என்று முடிகிறது, அவள் மறுபடி காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறாள். பார்க்கிற பெண்களில் எத்தனையோ பேர் அந்த நாலு வார்த்தைக்காக நாள்முழுதும் காத்திருந்தவர்கள். அவர்கள் நெஞ்சு படபடத்தது நிஜமான படபடப்பு. அவர்கள் மூளை அதைக் கற்பனைக் கணக்கில் எழுதியிருக்காது என்று நினைக்கவே இந்த ஆய்வுகள் இடம் தருகின்றன.

தொடர் எழுதுகிற நண்பர்களே, கனவுக் காட்சி வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. கண்ணகியின் கனவு முதல் சாத்தனின் கனவு வரை நமக்கு வழிகாட்டும் பெரிய சொத்து இருக்கிறது. மருமகள் மனத்துக்குள் பேசிய அந்த நாலு வார்த்தையில் ஒன்றையாவது அடுத்த எபிசோடில் வாய்விட்டுப் பேச விடுங்கள்.